கரடித் தூண்களின் சாட்சிகள்

செப்டம்பர் 3, செவ்வாய்

இந்த இரண்டு தூண்களையும் எங்கள் அருங்காட்சியகம் திருடியது. ‘பெறப்பட்டது, 1913’ என்று பலகையில் இருக்கிறது. கனடாவின் மேற்குக் கரைப் பூர்வகுடிகளான குவாக்குவக்கியவக்கு மக்களின் தீவு ஊர் ஒன்று. கோடையில் ஊரே மீன் ஆலை வேலைக்குப் போயிருந்தது. ஒரு படகு வந்தது. வந்தவர்கள் ஆளில்லாத வீட்டுக்குள் புகுந்து, தூண்களை அடியில் அறுத்து, ஏற்றிக்கொண்டு போனார்கள். இதற்குப் பெயர் பெறுதல். தூண் போன பிறகு அந்த வீட்டுக் கூரை என்ன ஆனது என்று கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

இன்று முழுக்க அவற்றைத் துடைத்தேன். இரண்டும் சிவப்பு செடார் மரம், என்னைப்போல் மூன்று ஆள் உயரம். கீழே கரடி, அதன் வயிற்றில் ஒரு மனித முகம். மேலே சிறகு விரித்த கழுகு. உச்சியில் ஒரு பள்ளம். வீட்டின் உத்தரம் உட்காரும் இடம் அது. எங்கள் கூடத்தில் நூறு ஆண்டுகளாக அங்கே தூசுதான் உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் இவை அந்த ஊருக்கே போகின்றன, ஐந்தாண்டு இரவலாக. திருடியவன் உடையவனுக்கு இரவல் கொடுக்கிறான். உடையவன் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். இதைச் சாதனை என்று செய்திக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள்.

பழம்பொருள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து நான் துணைக்குப் போகிறேன். என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. நிரந்தர வேலை பற்றி யோசிக்கலாம் என்று இயக்குநர் ஆல்டன் சொன்னார். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

வரும் வழியில் அம்மாவுக்கு முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கினேன்.

செப்டம்பர் 9, திங்கள்

லாரி, கப்பல், மறுபடி லாரி, மறுபடி கப்பல். மழை.

துறையில் எங்களுக்காகக் காத்திருந்தவர் ரெஜி. தூண்கள் நின்ற வீடு இவருடைய கொள்ளுத்தாத்தாவின் வீடு. அந்தக் குடும்பத்தின் தலைமைப் பெயர் இப்போது இவரிடம் இருக்கிறது. வயது நாற்பதுக்கு மேல். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார்.

“நீங்களோ தூணுக்குக் காவல்?” என்றார்.

“ஓம்.”

“ஓடிப்போகுமெண்டு பயமோ? நூறு வருசம் நிண்ட களைப்பு. இப்போதைக்கு ஓடாதுகள்.”

“அண்ணை, வந்த உடனை சேட்டை விடாதை,” என்று பின்னால் ஒரு பெண் அதட்டினாள். ரெஜியின் தங்கை டெல்லா. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். “இஞ்சை வா பிள்ளை. சாப்பிட்டியோ? அந்தக் கப்பல் சூப்பைக் குடிச்சனியெண்டா அது சாப்பாடில்லை, தண்டனை.”

ஒன்றைக் குறித்து வைக்கிறேன். இங்கே எல்லோரும் பேசுவது ஆங்கிலம். நான் எழுதும்போது அது எங்கள் வீட்டுத் தமிழாக வருகிறது. ஆல்டன் மட்டும் அறிவிப்புப் பலகைத் தமிழில் வருகிறார். அவர் அப்படித்தான் பேசுவார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஈரமானியில் ஈரம் அதிகம் என்று காட்டுகிறது. இங்கே மனிதர்களும் ஈரம்தான்.

செப்டம்பர் 12, வியாழன்

சடங்குக்கு ஊர் கூடும் புதிய பெரிய வீட்டுக்குள் நுழைந்ததுமே புரிந்துவிட்டது. மண் தரை, நடுவில் தீ மூட்டும் இடம். முன்பக்கம் இரண்டு புதுத் தூண்கள். பின்பக்கம் தூண் இல்லை. அங்கே உத்தரத்தை இரும்பு முட்டுகள் தாங்கிக்கொண்டிருந்தன.

“ரெஜி அண்ணை, தூண் சுவரோரம் நிக்கவேணும். சுத்திக் கயிறு கட்டவேணும். பேப்பரிலை இருக்கு.”

“வாசிச்சனான்.”

“பின்னை?”

“தங்கச்சி, மூண்டு மாசமா உந்த உத்தரத்துக்கு முட்டுக் குடுத்து வைச்சிருக்கிறம். அது ஆரைப் பாத்துக்கொண்டிருக்குதெண்டு நினைக்கிறீர்?”

“பழைய மரம். பாரம் தாங்காது.”

“தாங்கச் சொல்லி ஆர் கேட்டது? பின்னாலை வந்து பாரும்.”

தூண்களின் முதுகுப் பக்கம் உள்ளே குடையப்பட்டிருக்கும். அந்தக் குடைவுக்குள் நிற்பதற்கென்று ஒரு புது மரத்தைச் செதுக்கி வைத்திருந்தார்கள். பாரம் முழுவதும் அதில் இறங்கும். உத்தரம் பழைய பள்ளத்துக்குள் உட்காரும், ஆனால் பழைய மரத்தைத் தொடாது. இடையில் ஒரு விரல் நுழையும். முதல் தூணை நிறுத்தியதும் விளக்கடித்து, விரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது.

நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. ஆனால் இரண்டாவது தூணைத் தூக்க ஆள் குறைந்தது. கயிற்றைப் பிடித்தேன்.

இரவுச் சாப்பாட்டில் டெல்லா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். “காவல்காரிக்குக் கை கொப்பளிச்சிருக்கு,” என்று மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சிரித்தார்கள். நானும்.

செப்டம்பர் 14, சனி

தூண்களை வரவேற்கும் சடங்கு விருந்து. காலையில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. உடம்பு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து எழுதுகிறேன்.

இந்த விருந்தைக் கனடாச் சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தடை செய்து வைத்திருந்தது. ஆடியவர்களையும் பரிசு கொடுத்தவர்களையும் சிறையில் போட்டார்கள். இன்று அதே நாட்டின் கொடி குத்திய கோட்டோடு ஆல்டன் கடல் விமானத்தில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பக்கத்துத் தீவுகளிலிருந்தெல்லாம் ஆட்கள். ஒரு நீண்ட மரத்தை வரிசையாக உட்கார்ந்து தடிகளால் அடித்தார்கள். அந்த ஓசை காதில் கேட்பதற்கு முன்னால் தரை வழியாகக் காலுக்கு வந்தது. தீ வெளிச்சத்தில் கரடிகளின் கண் அசைவதுபோல் இருந்தது. கூடத்தில் நான் பார்த்த கரடிகள் இவை இல்லை.

பிறகு ஆல்டனைப் பேச அழைத்தார்கள். கையில் காகிதம் வைத்திருந்தார். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. நடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“இத்தூண்கள் எங்களுடையவை அல்ல,” என்றார். “ஒருபோதும் எங்களுடையவையாக இருந்ததில்லை. இவை தமது வீட்டுக்குத் திரும்பிவிட்டன.”

ரெஜி எழுந்தார். “பின்னாலை இருக்கிறவைக்குக் கேக்கேல்லையாம், ஐயா.”

ஆல்டன் மறுபடி சொன்னார், இன்னும் உரக்க. ரெஜியின் சார்பில் அவையில் பேசுபவர் தன் தடியைத் தரையில் குத்தி, அதே சொற்களைத் தங்கள் மொழியில் கூட்டத்துக்குச் சொன்னார். கூட்டம் ஒரே குரலில் பதில் சொன்னது.

அதன்பிறகு பரிசுகள். மலைமலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். துவாய், கோப்பை, மா மூட்டை, பிளாஸ்டிக் வாளி, கம்பளி. ஒருவரும் விடுபடவில்லை. ஆல்டனின் தோளில் ரெஜியே ஒரு நல்ல கம்பளியைப் போர்த்தினார். டெல்லா என் முன்னால் ஒரு ஊதா நிற உடுப்புக் கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே இரண்டு துவாய், ஒரு கோப்பை, சீனிப் பை, போத்தலில் அடைத்த சால்மன்.

“எனக்கேன்? நான் வேலைக்கெல்லோ வந்தனான்.”

“கண் இருக்கோ?”

“ஓம்.”

“காது?”

“இருக்கு.”

“பின்னைப் பிடி. கூடை கடிக்காது.”

செப்டம்பர் 18, புதன்

அலுவலகம். படங்களை நிர்வாகக் குழு பார்த்துவிட்டது. கயிறு எங்கே, தூணின் மேல் உத்தரம் எப்படி வந்தது, இயக்குநர் என்ன பேசினார், எல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

ஆல்டன் என்னைக் கூப்பிட்டார். தீவில் பார்த்த ஆள் இவர் இல்லை. கோட்டும் முகமும் இஸ்திரி போட்டிருந்தன.

“நிகழ்வின் மரியாதைக்கேற்ற சில சொற்களை நான் கூறினேன். அவை அருங்காட்சியகத்தின் நிலைப்பாடு ஆகா. இரவல் ஒப்பந்தமே செல்லும்.”

“ரெண்டு தரம் சொன்னீங்களே, ஐயா.”

அதைக் கேட்காதவர்போல் தொடர்ந்தார். “உத்தரத்தின் எடையால் தூண்களுக்குச் சேதம் நேரும் என்பதை உங்கள் அறிக்கை உறுதிப்படுத்தும் என நம்புகிறேன்.”

“உறுதிப்படுத்தினா?”

“இரவலை உடனே முடித்துக்கொள்ள ஒப்பந்தம் இடமளிக்கிறது. தூண்கள் திரும்பிவிடும்.” பேனாவை மூடினார். “நிரந்தரப் பணியிடம் குறித்தும் விரைவில் பேசுவோம், சங்கவி.”

ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார். வெட்கமே இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

அறிக்கை எழுதவில்லை. நேரமில்லை. தலை முழுகினேன். குளிர்பெட்டியைக் கழுவினேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

நேரமில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, ஊதாக் கூடையில் ஊத்தை உடுப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். சால்மன் போத்தல் ஏற்கெனவே குழம்பாகியிருந்தது. பழப்புளி விட்டு, நல்ல உறைப்பாக.

“நல்ல மீனடி. அந்த ஆக்களிட்டை இன்னும் கிடக்குமே?”

அறிக்கை விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப பாரமே இல்லையோ பழைய மரத்திலை?”

“இல்லை. நான் விரலை விட்டுப் பாத்தனான்.”

“பின்னை எழுத என்ன இருக்கு? பாரம் இல்லையெண்டு எழுது.”

“வேலை போயிடும், அம்மா.”

அம்மா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். “பன்ரெண்டு வருசமா ஆக்களுக்கு மூத்திரத்துணி மாத்திறன். வேலை எண்டா என்னெண்டு எனக்குச் சொல்லித் தராதை. வாடகை நான் கட்டுவன். பொய்யை ஆர் கட்டுறது?”

எனக்குக் கோபம் வந்தது. யாரும் பொய் எழுதப் போவதாகச் சொல்லவில்லையே. நேரமில்லை என்றுதானே சொன்னேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

எல்லோருக்கும் மின்னஞ்சல். ஊழியர்கள் வெளியாரிடம் பரிசு பெறக்கூடாது என்ற விதிப்படி, தீவில் வாங்கியவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். இயக்குநர் முன்மாதிரியாகத் தம் கம்பளியை ஏற்கெனவே கூரியரில் அனுப்பிவிட்டாராம்.

டெல்லாவுக்குப் போன் எடுத்தேன். வேடிக்கையாகத்தான் தொடங்கினேன். “உன்ரை கூடையைத் திருப்பி அனுப்பட்டாம். உள்ளுக்கு எங்கட அம்மாவின்ரை சீலை கிடக்கு. அதையும் சேத்து அனுப்பவோ?”

அவள் சிரிக்கவில்லை.

“கம்பளி வந்து சேந்தது,” என்றாள். “அண்ணை பெட்டியைத் திறந்து பாத்தவர். பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனவர். பள்ளிக்கூடம் விட்டு எவ்வளவு நேரம், பஸ்ஸிலை ஒருத்தரும் இல்லை.”

“அவர் விதியெண்டு அனுப்பினவர். வேறை ஒண்டும் யோசிச்சிருக்க மாட்டார்.”

“நாங்கள் சும்மா குடுக்கிறேல்லை, சங்கவி. வந்தவன் பாத்ததுக்கும் கேட்டதுக்கும் குடுக்கிற கூலி அது. வாங்கினவன் நாளைக்கு ஆர் கேட்டாலும் எழும்பி நிண்டு சொல்லவேணும். திருப்பி அனுப்பினா, அண்டைக்கு நான் அங்கை இல்லை, ஒண்டும் கேக்கேல்லை எண்டு அர்த்தம்.” பிறகு, “நீயும் அனுப்பப் போறியோ?” என்றாள்.

“அம்மா குடுக்க மாட்டா,” என்றேன்.

இது கோழைத்தனமான பதில். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 25, புதன்

மதியம் எங்கள் வடமேற்குக் கரைக் காட்சிக்கூடத்துக்குப் போனேன். விருந்து பற்றிய விளக்கப் பலகை அங்கே இருக்கிறது. தினமும் கடந்து போகிற பலகை. ‘விருந்தினர் பெறும் பரிசு அன்பளிப்பு அன்று. சாட்சியாக இருந்ததற்கான ஊதியம். அதைப் பெற்றவர், கண்டதையும் கேட்டதையும் நினைவில் வைத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.’

கீழே எழுதியவர் பெயர் ஆல்டன்.

நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“அது அவர்களின் மரபு குறித்த விளக்கம். சரியான விளக்கம்தான். நம் அலுவலக விதி வேறு.”

“அப்ப அண்டைக்குக் கம்பளியைப் போத்தேக்குள்ளை நீங்கள் ஆர்? விளக்கமோ, விதியோ?”

“நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள், சங்கவி.”

இந்த மக்களைப் பற்றி முப்பது ஆண்டு படித்த மனிதர். இரண்டு புத்தகம் எழுதியவர். அந்தப் பலகையிலுள்ளது தன்னைப் பற்றியும்தான் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. மற்றவர்களுக்கு மரபு இருக்கும், நமக்கு விதி இருக்கும். இவர்கள் படிப்பு இவ்வளவுதான். எனக்கும் இதே படிப்புத்தான் கொடுத்தார்கள், மதிப்பெண்ணும் போட்டார்கள்.

செப்டம்பர் 30, திங்கள்

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். ‘உத்தரத்தின் பாரம் முழுவதும் பின்னால் நிற்கும் புது மரத்தில் இறங்குகிறது. பழைய மரத்தை உத்தரம் தொடவில்லை. நிறுவும்போது உடனிருந்து சோதித்தேன். ஆபத்து இல்லை.’ கூடையைத் திருப்ப மாட்டேன் என்றும் தனியாக எழுதிக் கொடுத்தேன்.

எழுத கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முன்பே எழுதியிருப்பேன், நேரம்தான் கிடைக்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

என் அறிக்கை முழுமையற்றதாம். வெளியிலிருந்து ஒரு நிபுணரை அமர்த்தப் போகிறார்கள். நிரந்தரப் பணியிடத்துக்கு இந்த ஆண்டு நிதி இல்லையாம். பதினாறாம் தேதி நிர்வாகக் குழுவின் பொது அமர்வில் தூண்களைத் திரும்பப் பெறும் முடிவை எடுப்பார்கள். நிறுவியபோது உடனிருந்த ஊழியர் என்பதால் நானும் அங்கே உட்கார வேண்டும்.

வீட்டில் சொன்னேன். அம்மா, “சரி, சோத்தைப் போடு,” என்றார். இன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். இவ்வளவு பசி வந்து நாளாயிற்று.

டெல்லாவுக்குத் தேதியை அனுப்பினேன். பதிலுக்கு ஒரு சொல்தான் வந்தது. ‘கிலகஸ்லா.’ நன்றி, வருக, இரண்டுக்கும் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள். யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

காலையில் வாசலில் ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. காவலாளி மாணவர் குழு என்று நினைத்துக் கதவை முழுதாகத் திறந்துவிட்டான். ரெஜி இறங்கினார். பின்னால் டெல்லா. அவள் பின்னால் விருந்தில் நான் பார்த்த முகங்கள், வேறு வேறு தீவுக்காரர்கள். எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார்கள். கப்பலும் பஸ்ஸுமாக நேற்றே கிளம்பியிருக்கிறார்கள்.

அமர்வு பெரிய கூடத்தில். குழு மேசைக்கு ஒரு பக்கம், ஊழியர் வரிசை இன்னொரு பக்கம். ஆல்டனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி நான்.

தலைவர் அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தூண்கள் அந்தக் குடும்பத்துக்கே கொடுக்கப்பட்டன என்பதற்கு எழுத்தில் ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டார்.

“உங்களிட்டைப் பேப்பர் இருக்கு, அம்மா,” என்றார் ரெஜி. “எங்களிட்டை ஆக்கள் இருக்கினம்.”

அவர் உட்கார்ந்தார். பக்கத்துத் தீவிலிருந்து வந்த ஒரு பெண் முதலில் எழுந்தாள். தன் பெயர், தன் குடும்பம், தன் ஊர் சொன்னாள். “நான் அண்டைக்கு அங்கை இருந்தனான். எனக்குக் கூலி தரப்பட்டது. நான் கேட்டது இது.” ஆல்டன் சொன்ன மூன்று வாக்கியங்களைச் சொன்னாள். உட்கார்ந்தாள். அடுத்தவர் எழுந்தார். பெயர், குடும்பம், ஊர். அதே மூன்று வாக்கியம். அடுத்தவர். ஒரு சொல் மாறவில்லை. குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “எனக்கு முதல்தரம் கேக்கேல்லை. ரெண்டாந்தரம் வடிவாக் கேட்டது,” என்றார். கூடமே சிரித்தது. ஆல்டன் சிரிக்கவில்லை.

“இவர்கள் அனைவரும் ஒரே தரப்பினர்,” என்றார் குழுவின் வழக்கறிஞர்.

ரெஜி திரும்பினார். “இல்லை, ஐயா. உங்கட பக்கத்திலையும் ரெண்டு பேர் வாங்கினவை. ஒராள் கம்பளியைத் திருப்பி அனுப்பினவர். கம்பளியை அனுப்பலாம். கேட்ட காதை எந்தக் கூரியரிலை அனுப்பிறது?”

என்னைப் பார்க்கவில்லை அவர். ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நான் எழுந்தேன். பெயர் சொன்னேன். குடும்பம் என்ற இடத்தில் அம்மாவின் பெயரைச் சொன்னேன். ஊர் என்ற இடத்தில் அம்மா பிறந்த மயிலிட்டியைச் சொன்னேன். அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் அது எங்கே என்று தெரியாது, ஆனால் தீவுக்காரர்கள் தலையை அசைத்தார்கள்.

“நான் இந்த அருங்காட்சியகத்தின்ரை ஊழியர். அண்டைக்கு அங்கை இருந்தனான். எனக்கும் கூலி தரப்பட்டது. அதைத் திருப்ப மாட்டன். நான் கேட்டது இது. ‘இத்தூண்கள் எங்களுடையவை அல்ல. ஒருபோதும் எங்களுடையவையாக இருந்ததில்லை. இவை தமது வீட்டுக்குத் திரும்பிவிட்டன.’ சொன்னவர் இயக்குநர். ரெண்டு தரம் சொன்னவர்.”

தலைவர் அம்மையார், “டாக்டர் ஆல்டன்?” என்றார்.

ஆல்டன் முன்னாலிருந்த காகிதங்களை நேராக அடுக்கினார். வழக்கறிஞர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். ஆல்டன் தலையை ஆட்டினார். ஆம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. கூடம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னை உட்காரச் சொல்லி யாரோ கையைக் காட்டினார்கள். நான் உட்காரவில்லை. இரண்டு நாற்காலியைத் தாண்டி அவருக்கு நேர் முன்னால் போய் நின்றேன்.

“நான் சொன்னதிலை எந்தச் சொல் பொய், டொக்டர் ஆல்டன்? ஒரு சொல்லைக் காட்டுங்கோ. காட்டேலாட்டி, இந்த ஆக்களின்ரை முகத்தைப் பாத்து, தூண் ஆரின்ரை எண்டு இப்ப சொல்லுங்கோ.”